செட் ஆகாத கிட்னி

எதிர்ப்பு சக்தி என்று யாராவது என் முன்னால் ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அது ஏறிக்கொண்டே இருந்தால்தான் நல்லது என்கிற மாதிரி எல்லாரும் பேசுகிறார்கள். டப்பாவில் விற்கிறார்கள், பாக்கெட்டில் விற்கிறார்கள், அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் சும்மாவே வாயில் ஊற்றிவிடப் பார்க்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் அந்தச் சக்தி லேசாகத் தலைதூக்கினாலே போதும், எங்களுக்கு ஆஸ்பத்திரிதான். ஏனென்றால் என் அண்ணனின் அடிவயிற்றில் வலது பக்கத்தில் இருப்பது என் கிட்னி. அவனுடைய எதிர்ப்பு சக்தி நன்றாகக் கண் விழித்துக்கொண்டால் முதலில் அடித்து நொறுக்கப்போவது அதைத்தான்.

இதை அவனுக்குப் புரியவைக்க டாக்டரும் நர்ஸும் அண்ணியும் நானும் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருக்கிறோம். எல்லாவற்றுக்கும் நன்றாகத் தலையாட்டுவான். அந்தத் தலையாட்டலை நம்பி நாங்கள் பட்டது போதும்.

அண்ணனுக்குத் தொழில் மோட்டாருக்குக் காயில் கட்டுவது. எரிந்துபோன மோட்டாரைக் கொண்டுவந்து போட்டால், கருகிய செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷில் முக்கி, காயவைத்து, ஓட்டிக் கொடுப்பான். வீட்டின் முன்னறைதான் பட்டறை. உள்ளே போக வேண்டும் என்றால் பம்புசெட், கிரைண்டர், மின்விசிறி என்று திறந்து கிடக்கிற எல்லாவற்றையும் தாண்டித்தான் போக வேண்டும். வார்னிஷ் வாடை அடுப்படி வரைக்கும் வரும். எப்போது போய்க் கேட்டாலும் "நாளைக்கு வாங்க" என்பதால் வாடிக்கையாளர்கள் அவனுக்கு வைத்த பெயர் 'வாய்தா'. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவனும் கோபப்படாமல் நாளைக்கு வரச் சொல்வான்.

ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது. புது பேரிங் போட்ட மோட்டாரை உடனே கொடுத்துவிட மாட்டான். சுமை எதையும் மாட்டாமல் பட்டறைத் தரையில் ஓடவிடுவான். ஸ்க்ரூடிரைவரின் நுனியை மோட்டார் மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பான். "இன்னும் செட் ஆகலை" என்பான். மறுபடி ஓடவிடுவான். ஒரு கட்டத்தில் முகம் மலரும். "ஆச்சு. இனிமே இது வீட்டு ஆளு." இந்த 'செட் ஆகிற' தத்துவத்தை அவன் மோட்டாரோடு நிறுத்தியிருந்தால் நான் இன்று இப்படிப் புலம்பிக்கொண்டிருக்க மாட்டேன்.

அவனுக்கு பிரஷர் ஏறியது பல வருஷம். கால் வீங்கியது. முகம் அதைத்து, காலையில் எழுந்தால் வேறு யாரோ மாதிரி இருந்தான். டாக்டரிடம் போகச் சொன்னால், "வோல்டேஜ் ஏறி இறங்கத்தான் செய்யும், அதுக்காக மோட்டாரையா கழட்டுவாங்க?" என்று எங்களுக்கே பாடம் எடுத்தான். கடைசியில் மூச்சு வாங்கி விழுந்தபோதுதான் தூக்கிக்கொண்டு போனோம். இரண்டு கிட்னியும் கைவிட்டுவிட்டன. அன்றிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். உயரமான நாற்காலியில் சாய்ந்து, கையில் ஊசியோடு, தன் ரத்தம் குழாய் வழியாக வெளியே போய்த் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்த மெஷினின் மோட்டார் சத்தம் சரியில்லை என்று நர்ஸிடம் சண்டை வேறு.

அண்ணிக்குச் சர்க்கரை இருந்ததால் அவளால் கிட்னி கொடுக்க முடியவில்லை. தங்கை நான் கொடுத்தேன். இதைப் பெரிய தியாகம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கூச்சமாக இருக்கும். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். கொடுக்காமல் என்ன செய்வது?

பரிசோதனை முடிவு வந்தபோதே அவன் தகராறை ஆரம்பித்துவிட்டான். எங்கள் இருவருக்கும் பாதிப் பொருத்தம்தான் என்று டாக்டர் அம்மா சொன்னார்.

"ஒரே அப்பா, ஒரே அம்மா. அதெப்படி டாக்டர் பாதி? சரியாப் பாருங்க."

"கூடப் பிறந்தவங்களுக்கு முழுசாவும் பொருந்தலாம், பாதியும் பொருந்தலாம், சுத்தமா பொருந்தாமலும் போகலாம். உங்களுக்குப் பாதி கிடைச்சதே நல்ல விஷயம்."

"மிஷின்ல ஏதோ கோளாறு இருக்கும்" என்று என் காதில் சொன்னான். டாக்டர் அம்மா காதிலும் அது விழுந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தையல் போடும் முன்பே என் கிட்னி அவனுக்குள் வேலையை ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னார்கள். மயக்கம் தெளிந்து அவன் கேட்ட முதல் கேள்வி, "ஓடுதா?" என்பதுதான். பழைய இரண்டையும் எடுக்காமல் உள்ளேயே விட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும், எரிந்த காயிலைக் கழட்டாமல் புதுசைப் பக்கத்தில் வைத்துக் கட்டுகிற வேலை என்ன வேலை என்று கேட்டான். அவன் பட்டறைப் பரணில் எத்தனை பழைய பேரிங் கிடக்கிறது என்பதை அப்போது நான் நினைவூட்டவில்லை. வயிற்றில் தையலோடு சிரிக்க முடியாது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அம்மா எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ரோந்து சுற்றிக்கொண்டே இருக்கும். வழியில் பார்க்கிற ஒவ்வொரு செல்லையும் தடவித் தடவி, இது நம் ஆள்தானா என்று அடையாளம் பார்க்கும். கிருமியைப் பார்த்தால் அந்த இடத்திலேயே விழுங்கும் ஒரு கூட்டம் உண்டு. ஆள் சேர்க்கக் குரல் கொடுக்கிற கூட்டம் உண்டு. கிருமி புகுந்த செல்லையே கொன்றுபோடுகிற கூட்டமும் உண்டு. இன்னொரு கூட்டம் அந்தக் கிருமிக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி எதிர்ப்பொருளைச் செய்து ரத்தத்தில் கலந்துவிடும். இத்தனை காவலும் இருப்பதால்தான் நாமெல்லாம் நடமாடிக்கொண்டிருக்கிறோம். ஆனால் அந்தக் காவலுக்கு நல்ல கிட்னி, கெட்ட கிருமி என்ற பேதமெல்லாம் தெரியாது. நம்முடையதா, இல்லையா என்பது மட்டும்தான் தெரியும்.

"அதனாலதான் இந்த மாத்திரை. காவலை அரைத் தூக்கத்துல வைக்கிறோம். முழுசாத் தூங்கவச்சா சளி பிடிச்சே செத்துடுவீங்க. முழுசா முழிக்கவிட்டா கிட்னி போயிடும். காலையும் ராத்திரியும், ஒரே நேரத்துல, ஆயுசு பூரா. புரிஞ்சுதா?"

அண்ணன் தலையாட்டினான்.

அதன் பிறகு அண்ணி வாசலில் காவல் இருந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு வருகிற வாடிக்கையாளரைப் படியேறவிட மாட்டாள். "மோட்டாரை அங்கேயே வச்சுட்டு நீங்க போங்க" என்பாள். தும்மல் சத்தம் கேட்டால் உள்ளேயிருந்து ஓடிவருவாள். அண்ணன் முகமூடியைத் தாடையில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தாடைக்கு எந்தக் கிருமி வரும் என்று நான் கேட்டால், "மூச்சு முட்டுது பாப்பா" என்பான். எனக்குத் தலைமுடி நரைத்துவிட்டது. இன்னும் பாப்பாதான்.

ஒரு தடவை கம்பி கிழித்து விரலில் காயம். எங்களுக்கெல்லாம் அப்படி ஒரு காயம் பட்டால் மறுநாள் சிவந்து, சுட்டு, வீங்கி, விண்விண் என்று தெறிக்கும். அவனுக்கு ஒன்றுமே ஆகவில்லை. விரல் பார்க்கச் சுத்தமாக இருந்தது. "பாத்தியா, சிவக்கக்கூட இல்லை. உடம்பு அவ்வளவு ஸ்ட்ராங்" என்று என்னிடம் காட்டிப் பெருமைப்பட்டான். மூன்றாம் நாள் குளிர்ஜுரம் தூக்கிப்போட்டது. மறுபடியும் ஆஸ்பத்திரி.

டாக்டர் அம்மா அவன் விரலைப் பிடித்துக்கொண்டு என்னையும் அண்ணியையும் பார்த்தார். "சிவந்தா ஆள் வந்திருக்குன்னு அர்த்தம். சண்டை நடக்குற இடத்துக்கு ரத்தம் ஓடி வர்றதுதான் அந்தச் சிவப்பு, அந்தச் சூடு. சீழ்னு அருவருப்பாப் பாக்குறோமே, அது சண்டையில செத்த வெள்ளை அணுக்கள். இவருக்குச் சிவக்கலைன்னா ஆள் வரலைன்னு அர்த்தம். இனிமே நகம் பேர்ந்தாலும் எனக்குச் சொல்லணும்."

அதற்கும் தலையாட்டினான். ஆனால் வெளியே வந்ததும் முகம் தொங்கிப்போனது. "என் உடம்புல காவலே இல்லையாம். மாத்திரை அதைக் கொன்னுடுச்சாம்" என்றான். "கொல்லலை, அரைத் தூக்கம்" என்றேன். அது அவன் மண்டையில் ஏறவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்துக் கடை பெயின்ட்காரர் நுழைந்தார். நல்ல மனிதர். வாயும் நல்ல வாய், ஓயாது. ஊரெல்லாம் காய்ச்சலும் இருமலுமாகக் கிடந்த காலம் அது. எதிர்ப்பு சக்தி, எதிர்ப்பு சக்தி என்று திரும்பின பக்கமெல்லாம் அதே பேச்சு. பெயின்ட்காரர் ஒரு டப்பாப் பொடியோடு வந்து, "காலையில வெறும் வயித்துல ஒரு ஸ்பூன். எதிர்ப்பு சக்தி பிச்சுக்கிட்டுப் போகும்" என்றார். எனக்குப் போன் போட்டு அதைச் சொல்லும்போது அண்ணிக்கு அழுகையே வந்துவிட்டது. நான் பார்சல் ஆபீஸ் கவுன்ட்டரில் வேலை பார்க்கிறேன். அரை நாள் லீவு போட்டுவிட்டு நேரே பெயின்ட் கடைக்குப் போனேன்.

"அண்ணே, இவனுக்கு எதிர்ப்பு சக்தி ஏறவே கூடாது. ஏறினா கிட்னி போயிடும்."

"என்னம்மா இது, ஊர்ல இல்லாத அதிசயமா இருக்கு? சக்தி ஏறினா நல்லதுதானே? நல்லதே செய்யுற ஒண்ணு எப்படிம்மா கெட்டது செய்யும்?"

அவரிடம் அரைமணி நேரம் பேசினேன். கடைசியில் எனக்கும் ஒரு டப்பா எடுத்து நீட்டினார். அண்ணன் வீட்டில் இருந்ததைப் பிடுங்கிச் சாக்கடையில் கொட்டினேன். விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். பொடி போய்விட்டது, பேச்சு அவன் மண்டையில் தங்கிவிட்டது.

சில மாதம் கழித்து ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். அண்ணன் முகத்தில் அப்படி ஒரு களை. என்னமோ பரிசு வாங்கி ஒளித்துவைத்திருக்கிற மாதிரி சிரித்துக்கொண்டே சாப்பிட்டான். கை கழுவிவிட்டு வந்து இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினான்.

"பாப்பா, பாரு."

பார்த்தேன். வார்னிஷ் கறை படிந்த விரல்கள். என்ன இருக்கிறது அதில்?

"நடுங்குதா?"

அப்போதுதான் கவனித்தேன். மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததிலிருந்தே அவனுக்குக் கை நடுங்கும். அதிகமில்லை, டீ டம்ளர் லேசாகத் தளும்பும், அவ்வளவுதான். ஆனால் மயிரிழை மாதிரிக் கம்பியைச் சுற்றுகிறவனுக்கு அது போதும். சின்ன மோட்டார்களை வாங்காமல் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான் என்பதும் எனக்குத் தெரியும். இப்போது அந்த விரல்கள் ஆடாமல் அசையாமல் நின்றன.

"நடுங்கலையே! டாக்டர் மாத்திரையை மாத்திட்டாங்களா?"

"நான் மாத்தினேன்." நெஞ்சை நிமிர்த்தினான். "அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையை மட்டும் விடலை, அது நல்லா பசி குடுக்குது. பெரிய ரெண்டையும் விட்டாச்சு. ரெண்டு மாசமாச்சு. ஒண்ணும் ஆகலை. எப்படி ஆகும்? ஆறு வருஷம் ஓடியாச்சு பாப்பா. ஆறு வருஷம் ஓடின மோட்டார் இன்னும் செட் ஆகாமலா இருக்கும்? இனிமே அது என் கிட்னி. வீட்டு ஆளு."

அண்ணி அடுப்படி வாசலில் கையில் கரண்டியோடு நின்றாள். "தினம் நான்தானே எடுத்துக் குடுத்தேன்? டீயோட போட்டுக்கறேன்னு வாங்கிட்டுப் போனீங்களே?"

"பட்டறையில போட்டேன். வார்னிஷ் டப்பாவுல."

"மாசாமாசம் ரத்தப் பரிசோதனை?"

"அடுத்த மாசம் வரேன்னு சொல்லியிருக்கேன்."

ஆஸ்பத்திரிக்கே வாய்தா கொடுத்திருக்கிறான்! எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, எழுந்து, "செருப்பு எங்கே?" என்று கத்தினேன். அடிக்கத்தான் தேடுகிறேன் என்று நினைத்துக் கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான். அடித்திருக்கலாம். ஆனால் நான் தேடியது போட்டுக்கொண்டு கிளம்புவதற்கு. அவனுக்குச் சட்டை மாட்டக்கூட நேரம் தரவில்லை. வழியெல்லாம், "வலி இல்லை, வீக்கம் இல்லை, எதுக்குப் பாப்பா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். வண்டியை விட்டு இறங்கும்போது அவன் கணுக்காலைக் குனிந்து அழுத்திப் பார்த்தேன். என் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

ரத்தத்தில் கிரியாட்டினின் இருக்க வேண்டிய அளவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. கிட்னி வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு அது. தேங்குகிறது என்றால் கிட்னி தடுமாறுகிறது என்று அர்த்தம். டாக்டர் அம்மா விடுமுறையை விட்டுவிட்டு வந்திருந்தார். ரிப்போர்ட்டைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பேனாவை மேசையில் போட்டார்.

"ஏன் நிறுத்தினீங்க?"

"கை நடுங்குச்சு டாக்டர். தொழில் பண்ண முடியலை."

"ஆறு வருஷமா எங்கிட்ட வர்றீங்க. ஒரு தடவையாவது கை நடுங்குதுன்னு சொன்னீங்களா?"

"நீங்க கேக்கலையே."

"எப்படி இருக்கீங்கன்னு ஒவ்வொரு தடவையும் கேட்டேனே! நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னுதானே சொன்னீங்க? நடுங்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அளவைக் குறைச்சுப் பாத்திருப்பேன், வேற மாத்திரைக்கு மாத்தியிருப்பேன். அதுக்கு வழி இருக்கு. இதுக்கு வழி இல்லை."

எனக்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரு வார்த்தை! பட்டறைக்கு வருகிறவனிடமெல்லாம் மணிக்கணக்காகப் பேசுகிற வாய்!

"இவ்வளவு நாள் ஆச்சே டாக்டர், பழகியிருக்காதா?" என்று அவன் மெதுவாக ஆரம்பித்தான். "பேரிங்கெல்லாம்..."

"பேரிங் இரும்பு. அதுக்கு யார் மேலயும் விரோதம் கிடையாது. உங்க வெள்ளை அணு இத்தனை வருஷம் பழகிக்கிட்டிருக்கலை, தூங்கிக்கிட்டிருந்துச்சு. இப்போ நீங்க எழுப்பி விட்டிருக்கீங்க. எழுந்து பாக்குது, உள்ளே ஒரு அந்நியம் உக்காந்திருக்கு. அடிக்குது. அது அதோட வேலையை ஒழுங்காத்தான் செய்யுது."

அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். "அந்நியமா? யாரு டாக்டர் அந்நியம்? என் தங்கச்சி. நான் தூக்கி வளத்த பொண்ணு. அவ கொடுத்ததை என் உடம்பு அந்நியம்னு அடிக்குமா? அடிக்காம இருக்க நான் மருந்து குடிக்கணுமா? ஒவ்வொரு தடவை அந்த மாத்திரையை முழுங்கும்போதும் எனக்கு எப்படி இருக்கும் தெரியுமா?"

கை நடுக்கம் ஒரு பக்கம், செட் ஆன கதை ஒரு பக்கம். இவ்வளவு காலமாக இவன் மனசுக்குள் வைத்துக்கொண்டு குமைந்தது இது. மாத்திரையை முழுங்குவது எனக்குச் செய்கிற அவமரியாதை என்று நினைத்திருக்கிறான். மாத்திரையை விட்டதுதான் அவன் எனக்கு ஒளித்துவைத்திருந்த பரிசு. இப்படிப்பட்ட அன்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதைத் தூக்கி அவன் தலையிலேயே போடலாம் போல இருந்தது.

டாக்டர் அம்மாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "உக்காருங்க. நெஞ்செலும்புக்குப் பின்னால சின்னதா ஒரு சுரப்பி இருக்கு. சின்ன வயசுல அதுதான் உங்க வெள்ளை அணுக்களுக்குப் பள்ளிக்கூடம். உங்க உடம்போட அடையாளமெல்லாம் அங்கே காட்டுவாங்க. சொந்த உடம்பையே அடிக்கப் பாக்குற அணுவை அங்கேயே ஒழிச்சுக் கட்டிடுவாங்க. மிச்சம்தான் வெளியே வரும். அந்தப் பாடத்துல நீங்க மட்டும்தான் இருந்தீங்க. உங்க தங்கச்சி இல்லை. உங்க அம்மாவே வந்து உள்ளே உக்காந்தாலும் இதேதான் நடக்கும்."

அன்றே படுக்கையில் சேர்த்தார்கள். கிட்னியில் ஊசி குத்தித் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். வெள்ளை அணுக்கள் உள்ளே கூட்டமாகப் புகுந்திருந்தன, எதிர்ப்பொருளும் உருவாகியிருந்தது. அதிக அளவு மருந்தை நரம்பு வழியாக ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். அண்ணியும் நானும் வராந்தா பெஞ்சில் மாற்றி மாற்றி உட்கார்ந்திருந்தோம். இந்தக் கிட்னி போனால் மறுபடி அந்த உயரமான நாற்காலி. தூக்கிக் கொடுக்க என்னிடம் இன்னொன்று கிடையாது. அண்ணி என்னை நிமிர்ந்து பார்க்கவே கூசினாள்.

"நான் வாயில போடுறதை நின்னு பாத்திருக்கணும். நம்பி விட்டுட்டேன்" என்றாள்.

"அவனைத் தோள்ல தூக்கிட்டா அலைய முடியும் அண்ணி? விடுங்க."

பெயின்ட்காரர் பார்க்க வந்தார். கையில் டப்பா இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். இல்லை. பழத்தோடு வந்தவரை நர்ஸ் வாசலிலேயே நிறுத்தினாள். அவருக்கு லேசாக இருமல் இருந்தது. கண்ணாடி வழியாகக் கையை ஆட்டிவிட்டுப் போனார்.

மருந்தெல்லாம் ஏற்றி முடித்து, கிரியாட்டினின் இறங்கி ஓர் இடத்தில் நின்றது. பழைய இடத்துக்கு வரவில்லை. டாக்டர் அம்மா கட்டில் பக்கத்தில் நின்று சொன்னார். "போனது போனதுதான். மிச்சத்தைக் காப்பாத்தியிருக்கோம். ஆனா ஒரு விஷயம். உடம்பு ஒருதடவை எதிரின்னு குறிச்ச முகத்தை அவ்வளவு சுலபமா மறக்காது. ஒருதடவை தட்டம்மை வந்தவங்களுக்கு மறுபடி வராம இருக்கே, தடுப்பூசி போட்டா வேலை செய்யுதே, எல்லாம் அந்த ஞாபகத்தாலதான். அதே ஞாபகம் இப்போ இந்தக் கிட்னி மேல விழுந்திருக்கு. இனிமே மாத்திரையை விட்டா, அது முதல்ல இருந்து யோசிக்காது. நேரா வந்து அடிக்கும்."

கவுன்ட்டரில் என்னை ஒருமுறை ஏமாற்றிப் போனவன் முகம் எத்தனை வருஷமானாலும் எனக்கு மறக்காது. அதனால் எனக்கு இது சட்டென்று புரிந்தது. அண்ணனுக்கும் புரிந்தது என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. இந்தத் தடவை தலையாட்டவில்லை.

டாக்டர் அம்மா போன பிறகு நர்ஸ் மாத்திரையையும் தண்ணீரையும் வைத்துவிட்டுப் போனாள். அண்ணி வீட்டுக்குத் துணி எடுக்கப் போயிருந்தாள். அண்ணன் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வாயில் போடவில்லை. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. இன்னுமா என்று திட்ட வாயெடுத்தேன். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"இத்தனை வருஷம் உள்ளேயே இருக்கே பாப்பா. என் உடம்புக்கு உன்னைத் தெரியலையாமே."

நான் எத்தனை திட்டுகளை வைத்திருந்தேன்! பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து சேர்த்தவை. அத்தனையையும் ஒதுக்கி வைத்தேன். தண்ணீர் டம்ளரை எடுத்து அவன் கையில் திணித்தேன்.

"உன் உடம்புக்கு என்னைத் தெரிய வேண்டாம்ணா. உனக்குத் தெரியுதில்ல? அது போதும். முழுங்கு."

முழுங்கினான். வாயைத் திறந்து காட்டச் சொன்னேன். நாக்கைத் தூக்கிக் காட்டினான்.